எந்தக் கோடு அதிகம் நிமிர்ந்து நிற்கிறது? சாய்வுகளை ஒப்பிடப் படிப்படியான வழி

அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறாள். போன மாதம் ஒரு தேர்வுத்தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டு, "மாமா, இதுல என்ன தப்பு சொல்லுங்க, இடப்பக்கக் கோடுதானே அதிகமா ஏறுது, கண்ணுக்கே தெரியுது" என்றாள். பார்த்தேன். கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, விடைதான் தப்பு. அடுத்தடுத்து இரண்டு வரைபடங்கள், இரண்டு பேர் வாராவாரம் சேர்க்கும் பணம், யார் வேகமாகச் சேர்க்கிறார் என்பது கேள்வி. இரண்டு படங்களிலும் ஒய் அச்சில் இருந்த எண்கள் வேறு வேறு. அவள் கோட்டைப் பார்த்தாளே தவிர அச்சைப் பார்க்கவில்லை.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். துணைப்பாட வகுப்புக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தர உட்காரும் பெற்றோருக்கு உதவும், பிள்ளைகளே நேராகப் படித்தாலும் சரி. நேர்கோடுகளின் சாய்வை ஒப்பிடுவது மொத்தத்தில் ஒரு வகுத்தல், அப்புறம் எது பெரிது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் அந்த வகுத்தலுக்கு முன்னாலும் பின்னாலும் விழுந்து எழ நிறையக் குழிகள் இருக்கின்றன.

முதலில் பெயர்கள்

இங்கே பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில்தான், அதனால் பிள்ளைகள் வாயில் வருவது கிரேடியன்ட். அமெரிக்கக் காணொளி ஏதாவது பார்த்தால் அதையே ஸ்லோப் என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் சாய்வு, இலங்கைப் பாடநூலில் படித்திறன். நான்கும் ஒன்றுதான். நம் பள்ளிகளில் கோட்டின் சமன்பாட்டை ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதுவார்கள், அமெரிக்கர்கள் சி இருக்கும் இடத்தில் பி போடுவார்கள், பயப்பட வேண்டாம். எம் என்பது சாய்வு. சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்.

இன்னொரு சொல்லையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். 'செங்குத்து' என்றால் பேச்சில் கிடுகிடுவென்று ஏறுவது, கணக்கில் 90 பாகை. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் அதிகமாக ஏறும் அல்லது இறங்கும் கோட்டை நிமிர்ந்த கோடு என்றும், கொஞ்சமாக ஏறி இறங்குவதைப் படுத்த கோடு என்றும் சொல்லப்போகிறேன். பாடநூல் சொல் இல்லை, எங்கள் வீட்டுச் சொல்.

சாய்வு என்றால் என்ன: புளோக்குக்குக் கீழே இறங்கிப் பாருங்கள்

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போட்டிருப்பார்கள். சின்னச் சின்ன மேடுகளை விட்டுவிட்டால், இங்கே கட்டட விதிப்படி அது 1:12 என்ற அளவைத் தாண்டி நிமிரக் கூடாது. அதாவது 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் ஏறலாம். 1 ÷ 12 = 0.083, இதுதான் அதன் சாய்வு. இங்கே 12 மீட்டர் என்பது சாய்தளத்தின் மேல் நடந்த தூரம் இல்லை, தரையோடு தரையாக அளந்தது. அங்கிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போங்கள். மின்படிகள் பெரும்பாலும் 30 பாகையில் இருக்கும், அதே 12 மீட்டர் முன்னே போவதற்குள் ஏறக்குறைய 7 மீட்டர் ஏறிவிடும், சாய்வு 0.58 பக்கம். சாய்தளத்தைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

பார்த்தீர்களா, இதற்குள் ஒரு ஒப்பீட்டையே முடித்துவிட்டோம். எவ்வளவு ஏறியது என்பதை எவ்வளவு முன்னே போனது என்பதால் வகுக்கிறோம். ஒய் மாற்றம் மேலே, எக்ஸ் மாற்றம் கீழே. தலைகீழாக வகுத்தால் சாய்தளத்துக்கு 12 என்றும் மின்படிக்கு 1.7 என்றும் வரும், படுத்தது நிமிர்ந்ததாகிவிடும். விடை வந்ததும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும்.

முதல் படி: கோட்டை அல்ல, அச்சைப் பாருங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்து பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது கணக்கில் அல்ல, இந்த இடத்தில்தான்.

மருமகளின் தாளில் இருந்ததைப் போன்ற ஒன்றை எண்களை மாற்றிச் சொல்கிறேன். இரண்டு வரைபடத் தாள்கள். இரண்டிலும் எக்ஸ் அச்சில் 2 செ.மீ. என்பது 1 வாரம். முதல் தாளில் ஒய் அச்சில் 2 செ.மீ. என்பது 10 வெள்ளி, இரண்டாவதில் 2 செ.மீ. என்பது 50 வெள்ளி. முதல் கோடு (0, 10) இல் தொடங்கி (4, 50) வழியாகப் போகிறது. இரண்டாவது (0, 50) இல் தொடங்கி (4, 150) வழியாகப் போகிறது.

தாளில் என்ன தெரியும்? முதல் கோடு 4 வாரத்தில் 40 வெள்ளி ஏறுகிறது, தாளில் அது 8 செ.மீ. குறுக்கே, 8 செ.மீ. மேலே. சரியாக 45 பாகை, நன்றாக நிமிர்ந்து நிற்கும். இரண்டாவது 4 வாரத்தில் 100 வெள்ளி ஏறுகிறது, ஆனால் தாளில் 8 செ.மீ. குறுக்கே, 4 செ.மீ. தான் மேலே. 27 பாகைகூட இல்லை, பாவமாகப் படுத்திருக்கும். இப்போது அச்சின் எண்களை வைத்து வகுத்துப் பாருங்கள். முதலாமவர்: 40 ÷ 4 = 10, வாரம் 10 வெள்ளி. இரண்டாமவர்: 100 ÷ 4 = 25, வாரம் 25 வெள்ளி. படுத்திருக்கும் கோடுதான் இரண்டரை மடங்கு வேகம்.

ஆக, கண் அளப்பது தாளின் சென்டிமீட்டரை, சாய்வு கேட்பது அச்சின் எண்ணை. கட்டம் எண்ணி வகுப்பது சரியா என்று கேட்பார்கள். இரண்டு அச்சிலும் ஒரு கட்டம் ஒரே அளவுதான் என்றால் சரி, இல்லாவிட்டால் கட்டங்களை எண்ணுவதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றே. கண்ணை எப்போது நம்பலாம்? இரண்டு கோடுகளும் ஒரே அச்சுகளின் மேல் வரையப்பட்டிருந்தால் தாராளமாக நம்பலாம், அங்கே நிமிர்ந்து தெரிவது நிமிர்ந்ததுதான். தனித்தனிப் படங்களாக இருந்தால் பென்சிலை எடுத்து நான்கு அச்சுகளிலும் 'ஒரு பெரிய கட்டம் = எவ்வளவு' என்று ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. மருமகள் இப்போது அதைத்தான் செய்கிறாள், அரை நிமிடம் ஆகிறது.

அச்சு 0 இல் தொடங்காமல் 20 இல் தொடங்கினால்? சாய்வுக்கு ஒன்றும் ஆகாது, நாம் எடுப்பது வித்தியாசத்தைத்தானே. ஆனால் எக்ஸ் அச்சு 0 இல் தொடங்காத படத்தில், கோடு இடது ஓரத்தைத் தொடும் இடத்தை சி என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு நல்ல புள்ளிகள்

நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சாய்வு ஒன்றே, நேர்கோடு என்பதன் பொருளே அதுதான். அப்படியென்றால் எதை எடுப்பது? கோடு கட்டங்களின் மூலையைத் துல்லியமாகக் கடக்கும் புள்ளிகளை, அதிலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி.

ஏன் தள்ளி? நம் வரைபடத் தாளில் சின்னக் கட்டம் 2 மி.மீ. அளவு, 2 செ.மீ. = 1 அலகு என்று வைத்தால் ஒரு சின்னக் கட்டம் 0.1. ஒய் வாசிப்பதில் ஒரு சின்னக் கட்டம் தவறிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சாய்வு 2. புள்ளிகளுக்கு இடையே எக்ஸ் தூரம் வெறும் 0.5 என்றால் ஏற்றம் 1 இருக்க வேண்டும், நீங்கள் 1.1 என்று வாசித்துவிட்டீர்கள், 1.1 ÷ 0.5 = 2.2. பத்து சதவீதம் தவறு. அதே தவறு எக்ஸ் தூரம் 5 இருக்கும்போது நடந்தால் 10.1 ÷ 5 = 2.02, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டு கோடுகளின் சாய்வும் 2, 2.1 என்று நெருக்கமாக இருந்தால், குட்டி முக்கோணம் வரைந்து ஒப்பிட்டவருக்கு விடையே மாறிப் போகும்.

ஒரு எச்சரிக்கை. கேள்வியில் புள்ளிகளைப் பெருக்கல் குறியாகப் போட்டு, அவற்றுக்குப் பொருந்தும் கோட்டை நீங்களே வரையச் சொல்லியிருந்தால், சாய்வுக்கு அந்தக் கோட்டின் மேல் இருக்கும் புள்ளியைத்தான் எடுக்க வேண்டும். குறி போட்ட புள்ளி கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கலாம்.

அப்புறம் ஒரே ஒரு புள்ளியை எடுத்து ஒய்யை எக்ஸால் வகுக்கும் பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. மேலே சேமிப்புக் கணக்கில் (4, 50) ஐ எடுத்து 50 ÷ 4 = 12.5 என்பார்கள். ஏற்கெனவே உண்டியலில் இருந்த 10 வெள்ளியையும் சேர்த்து வகுத்துவிட்டார்கள். கோடு (0, 0) வழியாகப் போனால் மட்டும்தான் இந்தக் குறுக்கு வழி செல்லும்.

மூன்றாம் படி: கழிப்பது, வகுப்பது, குறியைக் காப்பாற்றுவது

(−2, 7), (4, −5) என்ற இரண்டு புள்ளிகள். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் மேலே எதிலிருந்து எதைக் கழித்தீர்களோ கீழேயும் அதே வரிசை. மேலே −5 − 7 = −12. கீழே 4 − (−2) = 6. சாய்வு −2. இங்கே கீழே 4 − 2 = 2 என்று போட்டு −6 என்ற விடையோடு வருபவர்கள் ஏராளம். அடைப்புக்குறி போடச் சோம்பல், வேறொன்றும் இல்லை. குறி சரியா என்று பார்க்க, இடமிருந்து வலமாகக் கோட்டின் மேல் நடப்பதாக நினையுங்கள். ஏறினால் நேர்மறை, இறங்கினால் எதிர்மறை. படம் இறங்கும்போது விடை நேர்மறையாக வந்தால் எங்கோ வரிசை மாறிவிட்டது.

கிடைக்கோட்டின் சாய்வு 0. நேராக மேலே போகும் கோட்டுக்கு எக்ஸ் மாற்றம் 0, எதையும் 0 ஆல் வகுக்க முடியாது, ஆகவே அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். 'சாய்வே இல்லை' என்று எழுதினால் திருத்துபவர் 0 என்று புரிந்துகொள்ள இடமுண்டு.

நான்காம் படி: கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது?

இப்போது இன்னொரு கோடு, (−1, −1), (5, 8) வழியாக. 9 ÷ 6 = 1.5. ஒரு கோட்டுக்கு −2, இன்னொன்றுக்கு 1.5. எது பெரிது?

இங்கே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தக் கோட்டின் சாய்வு பெரிது என்று கேட்டால் 1.5 தான், எண்கோட்டில் −2 இடப்பக்கம் இருக்கிறது. எந்தக் கோடு அதிகம் நிமிர்ந்தது என்று கேட்டால் குறியைத் தூக்கிவிட்டு 2, 1.5 என்று ஒப்பிட வேண்டும், அப்போது −2 தான் வெல்லும். அதனால் கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். கிரேட்டர் கிரேடியன்ட் என்றிருந்தால் குறியோடு, ஸ்டீப்பர் என்றிருந்தால் குறி இல்லாமல். இரண்டு கோடுகளும் ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பிள்ளைகள் இதைக் கற்காமலேயே பல மாதம் ஓட்டிவிடுகிறார்கள்.

ஒரு கோடு படத்தில், இன்னொன்று வேறு வேடத்தில்

இரண்டு கோடுகளும் படமாகவே வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சமன்பாடாக வந்தால் ஒய்யைத் தனியாக்குங்கள். 3எக்ஸ் + 2ஒய் = 12 என்பதில் சாய்வு 3 இல்லை. 2ஒய் = −3எக்ஸ் + 12, ஆகவே ஒய் = −1.5எக்ஸ் + 6, சாய்வு −1.5. ஒய் = 5 − 4எக்ஸ் என்று எழுதியிருந்தால் முதலில் நிற்கும் 5 ஐப் பிடித்துக்கொள்ளாதீர்கள், எக்ஸோடு ஒட்டியிருப்பதுதான் சாய்வு, கழித்தல் குறியையும் சேர்த்து −4.

அட்டவணையாக வந்தால் எக்ஸ் வரிசையையும் பாருங்கள். எக்ஸ் 1, 3, 7 என்றும் ஒய் 4, 10, 22 என்றும் இருக்கிறது. ஒய் முதலில் 6 கூடுகிறது, அப்புறம் 12 கூடுகிறது, உடனே 'இது நேர்கோடே இல்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். எக்ஸ் முதலில் 2 கூடியது, பிறகு 4 கூடியது. 6 ÷ 2 = 3, 12 ÷ 4 = 3. நேர்கோடுதான்.

கதையாக வந்தால் 'ஒவ்வொரு', 'ஒன்றுக்கு' என்ற சொற்களைத் தேடுங்கள். சும்மா ஒரு கணக்கு: ஒரு கைப்பேசித் திட்டத்துக்கு மாதம் 10 வெள்ளி, ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் 2 வெள்ளி. இன்னொன்றுக்கு மாதம் 4 வெள்ளி, ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் 3 வெள்ளி 50 காசு. சாய்வுகள் 2, 3.5. இரண்டாவது கோடு அதிகம் நிமிர்ந்தது, ஆனால் கீழிருந்து தொடங்குகிறது. 4 கிகாபைட் வரும்போது இரண்டும் 18 வெள்ளியில் சந்திக்கும், அதுவரை இரண்டாவது மலிவு, அதற்கு மேல் முதலாவது. சாய்வு பெரிது என்பதும் கோடு மேலே இருக்கிறது என்பதும் வேறு வேறு. தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே இதை ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டியதற்கு, படித்து வேலைக்குப் போன ஒரு நண்பர் "அட, எது மேல இருக்கோ அதுதான் செங்குத்துன்னு நினைச்சேன்" என்றார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அலகு மறந்தால் ஒப்பீடே செல்லாது

தூரம், நேரம் வரைபடத்தில் சாய்வுதான் வேகம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரண்டு பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒருவரின் படத்தில் எக்ஸ் அச்சு நிமிடம், 20 நிமிடத்தில் 6 கி.மீ., சாய்வு 0.3. இன்னொருவரின் படத்தில் எக்ஸ் அச்சு மணி, சாய்வு 15. 15 பெரிது, இரண்டாமவர் வேகம் என்றால் தவறு. 0.3 என்பது நிமிடத்துக்கு, 60 ஆல் பெருக்கினால் மணிக்கு 18 கி.மீ. முதலாமவர்தான் முன்னே போகிறார். எக்ஸ் அச்சில் நேரம் என்று மட்டும் வாசித்துவிட்டு அலகை விட்டால் இதுதான் கதி. இங்கே சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ., அதையும் அதே படத்தில் (0, 0) இலிருந்து ஒரு கோடாக வரைந்து வையுங்கள். அதைவிட நிமிர்ந்து போகும் பகுதி எதுவாக இருந்தாலும் அபராதத்துக்கு வழி.

இணை, செங்குத்து, கோணம்

சாய்வுகள் சமமாக இருந்து சி வேறாக இருந்தால் கோடுகள் இணை. இது சுலபம். ஒன்றையொன்று 90 பாகையில் வெட்டும் கோடுகள் கூடுதல் கணிதம் என்ற தனிப் பாடத்தில் வரும்: இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் −1. 2 க்கு ஜோடி −0.5. ஆனால் இரண்டு அச்சிலும் அளவுத்திட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் தாளில் அது 90 பாகையாகத் தெரியாது. கோணமானியை வைத்து அளந்து "கணக்கு தப்பு" என்று அழித்துவிட்டு மீண்டும் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியில் இரண்டு கோட்டையும் போட்டு ஒரு அச்சை மட்டும் இழுத்து நீட்டிப் பாருங்கள், கோணம் கண் முன்னாலேயே சிதையும், சாய்வு அசையாது.

சாய்வு இரண்டு மடங்கானால் கோணமும் இரண்டு மடங்கு ஆகாது. அளவுத்திட்டம் ஒன்றாக இருக்கும்போது சாய்வு 1 என்றால் 45 பாகை, சாய்வு 2 என்றால் 63 பாகை பக்கம், சாய்வு 4 என்றால் 76 பாகைதான். மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும், அதனால் நன்றாக நிமிர்ந்த இரண்டு கோடுகளைக் கண்ணால் பிரிக்கவே முடியாது, வகுத்தே ஆக வேண்டும்.

கையில் போட்டுப் பார்க்க ஒன்று

நான்கு கோடுகள். முதலாவது (2, 1), (6, 11) வழியாகப் போகிறது. இரண்டாவது 4எக்ஸ் − 2ஒய் = 10. மூன்றாவதின் அட்டவணையில் எக்ஸ் 0, 2, 5, ஒய் 9, 3, −6. நான்காவது ஒய் = 7. சாய்வின் ஏறுவரிசையிலும், படுத்ததிலிருந்து நிமிர்ந்ததற்கும் எழுதுங்கள், கீழே பார்க்காமல்.

சாய்வுகள் முறையே 2.5, 2, −3, 0. சாய்வின் ஏறுவரிசை: மூன்றாவது, நான்காவது, இரண்டாவது, முதலாவது. நிமிர்வின் வரிசை: நான்காவது, இரண்டாவது, முதலாவது, மூன்றாவது. மருமகள் மூன்றாவதை இரண்டு வரிசையிலும் முதலில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து அவளே ஒன்றை அடித்துத் திருத்தினாள்.